பட்டறைக்காரர்களும் கைவினைஞர்களும் கூட்டுறவு சங்கம் தொடங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் பித்தளை விளக்கு வார்க்கும் குடும்பம் எங்களுடையது. தொழிற் கூட்டுறவு சங்கம் ஒன்றில் பல வருடம் உறுப்பினராகவும், ஒரு முறை நிர்வாகக் குழுவிலும் இருந்திருக்கிறேன். தறிக்காரர்கள், பாய் முடைபவர்கள், மண்பாண்டம் செய்பவர்கள், தையல் பட்டறை வைத்திருப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுச் சட்டத்தையும் நடைமுறையையும் வைத்துச் சொல்வது. புதுச்சேரி, கேரளம், இலங்கை என்றால் அங்கங்கே சட்டம் வேறு.

கூட்டுறவு என்றாலே ரேஷன் கடை, நகைக்கடன், பயிர்க்கடன்தான் நினைவுக்கு வருகிறது. தொழில் செய்கிறவர்களுக்கு அதில் என்ன வேலை?

கூட்டுறவு என்று இன்று நாம் சொல்லும் அமைப்புக்கு வழிகாட்டியவர்களே தொழில் செய்கிறவர்கள்தான். 1844இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு சேர்த்து ஒரு சின்னக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை என்று நாலைந்து பண்டங்கள்தான் சரக்கு. கலப்படமில்லாத பொருள், சரியான எடை, ஆளுக்கு ஒரு ஓட்டு, வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு. அவர்கள் வைத்த இந்த ஒழுங்கைத்தான் உலகம் முழுக்க எடுத்துக்கொண்டார்கள்.

நம் பக்கம் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே வருடம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கமும் தொடங்கின. நெசவாளர் சங்கங்களின் சரக்கை விற்பதற்காக 1935இல் கோ-ஆப்டெக்ஸ் வந்தது. முதலாளிகளே உறுப்பினராக இருக்கும் சங்கமும் உண்டு. சேலத்தில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரர்கள் 1981இல் சேகோசர்வ் என்ற சேவைத் தொழிற் கூட்டுறவு சங்கத்தை அமைத்தார்கள். தனித்தனியாக இடைத்தரகரிடம் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் சரக்கைச் சங்கத்துக் கிடங்கில் இறக்குகிறார்கள், மாதிரி எடுத்துத் தரம் பார்க்கிறார்கள், ஒருவர் கேட்கும் விலை மற்றவருக்குத் தெரியாத மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் விலை கேட்கிறார்கள். சரக்கு விற்கும் வரை தாக்குப்பிடிக்க முன்பணமும் கிடைக்கிறது. உற்பத்தி அவரவர் ஆலையில், விற்பனை ஒரே கூரைக்குக் கீழே. சிறுதொழில்காரர்கள் யாராக இருந்தாலும் ஒரு நாள் சேலம் போய் அந்த ஏலத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

சேர்ந்தால் எனக்கு ரூபாய்க் கணக்கில் என்ன மிச்சமாகும்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கவே வேண்டாம். இதற்குப் பதில் சொல்ல முடியாத சங்கத்தில் சேரவும் வேண்டாம்.

எங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். வியாபாரி பித்தளையை எடை போட்டுக் கொடுப்பார். நாங்கள் உருக்கி, வண்டல் மண் அச்சில் வார்த்து, கடைந்து, மெருகு போட்டு விளக்காகத் திருப்பிக் கொடுப்போம். அவர் மறுபடி எடை போடுவார். உருக்கும்போது துத்தநாகம் புகையாகப் போகும், கடைசலில் தூள் விழும், அதனால் எடை குறையும். அந்தச் சேதாரத்துக்கு எவ்வளவு விடுவது என்பதில்தான் சண்டை. விகிதத்தை அவர் சொல்வார், தராசு அவருடையது, போன வருடம் வாங்கிய முன்பணம் அவர் நோட்டில் இருக்கிறது. வாய் திறக்க முடியுமா?

சங்கம் இருந்தால் முதலில் மாறுவது தராசு. அது பொதுத் தராசு. சேதார விகிதத்தைப் பத்துப் பட்டறையில் உருக்கிப் பார்த்து, உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டத்தில் முடிவு செய்து எழுதிவிடலாம். இரண்டாவது மாறுவது கொள்முதல் விலை. ஒரு பட்டறை மாதம் 200 கிலோ உருக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்கும்போது கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைந்தால் மாதம் 2,000 ரூபாய் கையில் நிற்கும். இது கணக்குப் புரிவதற்காகச் சொன்ன எண். உங்கள் தொழிலில் நூலோ கோரையோ தோலோ மரமோ, அதன் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

இது போக, ஒரு பட்டறை தனியாக வாங்க முடியாத கடைசல் இயந்திரத்தையோ உலையையோ சங்கம் வாங்கி வைக்கலாம். தனி ஆளால் எடுக்க முடியாத ஐந்நூறு விளக்கு ஆர்டரைச் சங்கத்தின் பேரில் எடுக்கலாம். நெசவாளர் கூட்டுறவு சங்கங்களில் சேமிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு உறுப்பினர் போட, 4 காசு அரசு போடும். வெளி வியாபாரிக்கு நெய்கிறவருக்கு அது கிடையாது.

எங்கள் ஊரில் ஏற்கெனவே தொழிலாளர் நலச் சங்கம் இருக்கிறது. அதையே கூட்டுறவாக நடத்தலாமா?

முடியாது. அது பெரும்பாலும் 1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிந்ததாக இருக்கும். மனு கொடுக்க, விழா நடத்த, கோரிக்கை வைக்க அது போதும். வியாபாரம் செய்து லாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரிக்க அதில் இடமில்லை. கூட்டுறவு சங்கம் 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். இரண்டும் ஒரே ஊரில் இருக்கலாம், ஒரே ஆட்களும் இருக்கலாம். கணக்கும் ரசீதும் மட்டும் கலந்துவிடக் கூடாது.

மகளிர் சுய உதவிக் குழுவும் வேறுதான். அது பத்துப் பன்னிரண்டு பேர் சேமித்துக் கடன் சுழற்றும் குழு. ஆனால் நல்ல குழுக்கள் நாலைந்து ஒரே தெருவில் இருந்தால், கூட்டுறவு தொடங்க அதைவிடச் சிறந்த அடித்தளம் கிடையாது. கணக்கு எழுதவும், கூட்டம் கூடவும், திருப்பிக் கட்டவும் அவர்கள் ஏற்கெனவே பழகியிருப்பார்கள்.

பக்கத்தில் பழைய சங்கம் ஒன்று இருக்கிறது. அதில் சேரலாமா, புதிதாகத் தொடங்கலாமா?

உயிரோடு இருக்கும் சங்கம் என்றால் அதிலேயே சேருங்கள். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு. காலை பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குப் போங்கள். உறுப்பினர்கள் சரக்கு கொண்டுவந்து இறக்குகிறார்களா, இல்லை மின்விசிறியும் மேசையும் மட்டும் இருக்கிறதா? கிடங்கில் இருக்கும் சரக்கு இந்த வருடத்துதா? கடைசித் தணிக்கை எந்த ஆண்டுக்கு முடிந்திருக்கிறது? உறுப்பினர் பட்டியலில் நூறு பேர் இருந்தால் அதில் சென்ற மாதம் கூலி வாங்கியவர்கள் எத்தனை பேர்? கடைசிப் பேரவைக் கூட்டம் எப்போது?

பிறகு சங்கத்தை விட்டு வெளியேறிய ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். உள்ளே இருப்பவர் சொல்லாத இரண்டு விஷயமாவது அவர் சொல்வார். கோபத்தில் சொல்வதைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே தொழிலுக்கு ஒரே ஊரில் இரண்டாவது சங்கம் கேட்டால், இருக்கிற சங்கம் ஏன் போதாது என்று பதிவு அலுவலர் நிச்சயம் கேட்பார். அதற்கு எழுத்தில் பதில் வைத்திருங்கள்.

யார் உறுப்பினராகலாம்? என்ன செலவு?

18 வயது நிறைந்திருக்க வேண்டும். சங்கம் தனக்கென்று எழுதிப் பதியும் விதிகளான துணைவிதியில் சொன்ன எல்லைக்குள் குடியிருக்கவோ தொழில் செய்யவோ வேண்டும். அந்தத் தொழிலை உண்மையிலேயே செய்பவராக இருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம், பங்குத்தொகை இரண்டும் துணைவிதியில் எழுதியிருக்கும். விண்ணப்பத்தோடு ஆதார், கைவினைஞர் அல்லது நெசவாளர் அடையாள அட்டை இருந்தால் அதன் நகல், புகைப்படம். வாரிசு நியமனப் படிவத்தை அன்றைக்கே நிரப்பிக் கொடுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பிறகு பங்குத்தொகையையும் சேமிப்பையும் வாங்கக் குடும்பம் அலைகிறது.

ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டுதான்.

சங்கம் நொடித்துப்போனால் என் வீட்டை விற்பார்களா?

வரையறுத்த பொறுப்புள்ள சங்கமாகப் பதிந்திருந்தால் சங்கத்தின் கடனுக்கு உங்கள் பொறுப்பு துணைவிதியில் சொன்ன வரம்போடு நின்றுவிடும். பெரும்பாலும் அது உங்கள் பங்குத்தொகைதான். ஆனால் நீங்கள் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, நிர்வாகக் குழுவில் இருந்து முறைகேடாகச் செலவு செய்து நட்டம் வரவழைத்திருந்தாலோ அது வேறு கதை. 1983 கூட்டுறவு சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவில் தண்டத் தீர்வை என்று ஒன்று உண்டு. அந்த நட்டத்தை அவரவர் சொந்தப் பணத்திலிருந்து வசூலிக்க உத்தரவு போடலாம். குழுவில் சேர்ந்து மாலை போட்டுக்கொள்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வியாபாரியைச் சேர்க்கலாமா? அவர்தான் எங்களுக்குப் பணம் புரட்டித் தருகிறவர்.

நன்றிக்கடன் புரிகிறது. எங்கள் அப்பாவின் மருத்துவச் செலவுக்கு ராத்திரி பத்து மணிக்குப் பணம் கொடுத்தவரும் ஒரு வியாபாரிதான். ஆனால் சங்கத்திடமிருந்து வாங்குகிறவர் சங்கத்தின் விலையை முடிவு செய்யும் இடத்தில் இருக்கக் கூடாது. வேண்டுமானால் ஓட்டுரிமை இல்லாத இணை உறுப்பினராக இருக்கட்டும். சங்கத்தோடு ஒப்பந்தத் தொடர்பு உள்ளவர் நிர்வாகக் குழுவுக்கு வர முடியாது என்பதைத் துணைவிதியில் தெளிவாக எழுதுங்கள். அவர் மனைவி பேரில், தம்பி பேரில் வருவதையும் சேர்த்து எழுதுங்கள்.

அவரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். சங்கம் வந்த முதல் வருடம் பாதிச் சரக்கு அவருக்குத்தான் போகும். பழைய முன்பணத்தை யார் யார் எவ்வளவு பாக்கி என்று பட்டியல் போட்டு, மாதத் தவணை பேசி முடித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கும் சங்கத்தில் உறுப்பினரின் சரக்கு இரவில் பின்வாசல் வழியாக வியாபாரிக்குப் போகும். அந்த உறுப்பினரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, கடன் அவரை இழுக்கிறது.

புதிதாகத் தொடங்க எந்த அலுவலகத்துக்குப் போவது?

இங்கேதான் பாதிப் பேர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். கூட்டுறவு என்று பலகை இருக்கும் முதல் அலுவலகத்தில் மனு கொடுத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் தொழிலைப் பொறுத்துப் பதிவாளர் மாறுவார். கைத்தறி என்றால் கைத்தறித் துறை. பால் என்றால் பால்வளத் துறை. வார்ப்பு, தச்சு, மண்பாண்டம், தையல், தீப்பெட்டி, தேயிலை, கயிறு போன்ற தொழில்களுக்குத் தொழில் வணிக ஆணையரகம். அதன் மாவட்ட வாசல் மாவட்டத் தொழில் மையம். உங்கள் மாவட்டத் தலைநகரில் அது எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

அங்கே தொழிற் கூட்டுறவைப் பார்க்கும் அலுவலரைச் சந்தித்து மாதிரித் துணைவிதி ஒரு நகல் வாங்குங்கள். ஊரில் அமைப்புக் கூட்டம் போட்டு, முதன்மை அமைப்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பங்குத்தொகை வசூலிக்க எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே வசூல் செய்யுங்கள். அமையவிருக்கும் சங்கத்தின் பேரில் வங்கியில் கட்டுங்கள். ஒரு ரூபாய்கூட யாருடைய சொந்தக் கணக்கிலும் ஒரு ராத்திரி தங்கக் கூடாது. பிறகு செயல் திட்டம்: எவ்வளவு கச்சாப்பொருள், எவ்வளவு உற்பத்தி, யாருக்கு விற்பது, முதல் மூன்று வருடம் வரவு செலவு எப்படி. துணைவிதி, திட்டம், கையெழுத்துகள், வங்கிச் சான்று எல்லாம் சேர்த்து விண்ணப்பம். அலுவலர் நேரில் வந்து பட்டறைகளைப் பார்ப்பார். பதிவு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 152ஆம் பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது.

சங்கம் அமைப்பது யாரோ கொடுக்கும் சலுகை என்று நினைத்துக் கை கட்டி நிற்க வேண்டாம். 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 2012இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து கூட்டுறவு சங்கம் அமைப்பது அடிப்படை உரிமைகளில் ஒன்று. அந்தத் திருத்தத்தின் வேறொரு பகுதி மாநிலச் சங்கங்களுக்குப் பொருந்தாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த உரிமை அப்படியே நிற்கிறது.

எத்தனை பேர் வேண்டும்?

வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 25 பேராவது கையில் இல்லாமல் அலுவலகப் படி ஏற வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, மருமகள் என்று ஆறு பேரைக் கணக்குக் காட்டித் தொடங்கும் சங்கம் அந்த வீட்டுச் சங்கமாகவே முடியும். அதிகமாகவும் வேண்டாம். முதல் வருடம் நூறு பேரைச் சேர்த்து, முப்பது பேருக்கு மட்டும் வேலை கொடுத்தால் மீதி எழுபது பேரும் எதிரிகள்.

துணைவிதியை யாராவது எழுதித் தருவார்களா?

மாதிரி கிடைக்கும். ஆனால் அதை அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒருவர் சத்தமாக வாசிக்க, எல்லோரும் கேளுங்கள். வாசிக்க வராதவர்கள் இருக்கும் கூட்டத்தில் இதுதான் நேர்மையான வழி.

நான் குறிப்பாகப் பார்க்கச் சொல்வது ஆர்டரைப் பிரிக்கும் முறை. சங்கங்கள் உடைவது பெரும்பாலும் இதில்தான். நல்ல கூலி வரும் வேலை தலைவரின் சொந்தக்காரருக்கு, மெனக்கெட வைக்கும் வேலை மற்றவர்களுக்கு என்று ஒரு முறை நடந்தால் போதும். சுழற்சி முறையா, திறமைப்படியா, பட்டறையின் அளவுப்படியா? எதுவானாலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் பக்கம் ஐந்தடி விளக்கு வார்க்க எல்லோராலும் ஆகாது. அதனால் பெரிய விளக்குக்கு ஒரு பட்டியல், சின்ன விளக்குக்கு ஒரு பட்டியல் என்று இரண்டு வைத்தோம். சின்ன விளக்கு வார்த்த ஒரு பையன் மூன்று வருடத்தில் பெரிய பட்டியலுக்கு வந்தான். அன்றைக்கு அவன் அம்மா சங்கத்துக்குக் கேசரி கிண்டிக் கொண்டுவந்தார்.

தரம் சரியில்லை என்று சரக்கு திருப்பி அனுப்பப்பட்டால் யார் பொறுப்பு, கூலி எத்தனை நாளில், கடனுக்குச் சரக்கு விற்கலாமா, விற்றால் எவ்வளவு வரை என்பதையும் எழுதுங்கள்.

கடனுக்கு விற்பதில் அப்படி என்ன ஆபத்து?

எங்களுக்கு நடந்தது. ஒரு தீபாவளிக்கு முன் நகரத்துக் கடை ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. இருந்த முதல் எல்லாவற்றையும் போட்டுப் பித்தளை வாங்கி, இரவு பகலாக வார்த்துக் கொடுத்தோம். பணம் வந்து சேரப் பதினாலு மாதம் ஆனது. ஒரு பைசா குறையாமல் வந்தது, ஆனால் அதற்குள் கூலி கொடுக்க வழியில்லாமல் உறுப்பினர்களில் பாதிப் பேர் பழைய வியாபாரியிடம் திரும்பிவிட்டார்கள். அவர்களில் சிலர் இன்று வரை வரவில்லை. முடிவு எடுத்த குழுவில் நானும் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம். சங்கத்தின் நடைமுறை முதல், அதாவது அன்றாடம் சுழலும் பணம், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆளிடம் கடனாக நிற்கக் கூடாது. புதிய வாடிக்கையாளர் என்றால் பாதி முன்பணம். வாரக் கூலிக்கு வேண்டிய தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற செலவு. கைவினைஞருக்குச் சனிக்கிழமை கூலி வர வேண்டும். வராத சங்கம் எவ்வளவு உயர்ந்த கொள்கை பேசினாலும் நிற்காது.

நடைமுறை முதலுக்குக் கடன் எங்கே?

தொழிற் கூட்டுறவுகளுக்கென்று 1961இல் தொடங்கிய தாய்கோ வங்கி இருக்கிறது. நெசவாளர் சங்கங்களுக்கு மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் காசுக்கடன் (வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, வரும்போது கட்டும் கடன்) கொடுக்கின்றன. பெரிய திட்டங்களுக்கு 1963இல் அமைந்த தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகம். எதுவானாலும் முதல் வருடம் கடன் இல்லாமல் பங்குத்தொகையில் மட்டும் நடத்திப் பாருங்கள். சின்னதாக இருக்கும். ஆனால் தப்பு செய்தால் திருத்திக்கொள்ளலாம்.

மானியத்துக்காக மட்டும் சங்கம் தொடங்குகிறோம் என்று சொல்பவர்களை எனக்கு வருத்தத்தோடு மறுக்க வேண்டியிருக்கிறது. இயந்திரம் வந்து இறங்கும், படம் எடுப்பார்கள், மின் இணைப்புக்கு முன்வைப்புத்தொகை கட்ட ஆள் இருக்காது. தார்ப்பாய் மூடிய இயந்திரங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வரி?

பான் எண், வங்கிக் கணக்கு இரண்டும் முதல் நாளே வேண்டும். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வெளி மாநிலத்துக்கு அனுப்புவது, இணையத்தில் விற்பது என்றால் தனி விதிகள் இருக்கின்றன. குடிசைத் தொழில் கூட்டுறவு சங்கத்தின் லாபத்துக்கு வருமான வரிக் கழிவு நெடுங்காலமாக உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தில் அது 80P பிரிவு. உறுப்பினர்கள் தாங்களே, தங்கள் வீட்டிலோ பட்டறையிலோ செய்யும் உற்பத்தியாக இருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. கூலிக்கு ஆள் வைத்துத் தொழிற்சாலை மாதிரி நடத்திவிட்டுக் கழிவு கேட்டால் நிற்காது. ஒரு நல்ல கணக்காளருக்கு வருடம் கொடுக்கும் தொகையை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

கூட்டுறவு சங்கத்தை விட உற்பத்தியாளர் நிறுவனம் நல்லது என்கிறார்களே?

உற்பத்தி செய்கிறவர்களே உறுப்பினராகி நிறுவனச் சட்டத்தின் கீழ் பதியும் கம்பெனி அது. உழவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுவனச் சட்டத்தில் கைத்தறி, கைவினை, குடிசைத் தொழில் உற்பத்தியும் அதற்குள் வருகிறது. உற்பத்தியாளர்கள் பத்துப் பேர் இருந்தால் பதியலாம். குறைந்தது ஐந்து இயக்குநர்கள். பத்துப் பேரும் தனியாட்கள் என்றால் அங்கேயும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

வித்தியாசம் யாருக்குப் பதில் சொல்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. கூட்டுறவில் பதிவாளர் நெருக்கமாகப் பார்ப்பார், தணிக்கைக்கு அரசுத் துறை இருக்கிறது, நிர்வாகத்தில் தலையிடவும் அதிகாரம் உண்டு. நிறுவனத்தில் அந்தத் தலையீடு குறைவு. ஆனால் வருடாவருடம் தாக்கல் செய்யும் படிவங்களுக்கு ஆடிட்டரும் கம்பெனி செயலரும் வேண்டும், தவறினால் அபராதம் நாள் கணக்கில் ஏறும்.

உங்களில் இரண்டு பேராவது படித்து, வெளியூர் போய் வியாபாரம் பேசி, கணினியில் கணக்கு வைக்கத் தெரிந்தவர்கள் என்றால் நிறுவனத்தை யோசியுங்கள். கூலிக்கு வேலை செய்யும் வயதானவர்கள், பெண்கள் அதிகம் என்றால், அரசின் சேமிப்பு, காப்பீடு, விற்பனைத் திட்டங்கள் வந்து சேர வேண்டும் என்றால், கூட்டுறவு. இரண்டு மாநிலத்தில் உறுப்பினர்கள் இருந்தால் 2002ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சட்டம். ஒவ்வொரு மாநிலத்திலும் 50 பேர் வேண்டும். தொடங்கும்போதே அதற்கு யாரும் போகத் தேவையில்லை.

புவிசார் குறியீடு வாங்க சங்கம் வேண்டுமா?

ஓர் ஊரின் பேரோடு சேர்ந்த பொருளுக்கு அந்தப் பேரைக் காப்பாற்றும் பதிவுதான் புவிசார் குறியீடு. தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி உற்பத்தியாளர்களின் அமைப்பு ஒன்றோ, அவர்களின் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அமைப்போ விண்ணப்பிக்க வேண்டும். திருபுவனம் பட்டுக்கு 2019இல் கிடைத்த குறியீட்டுக்குப் பின்னால் இருப்பது அந்த ஊர் நெசவாளர் கூட்டுறவு சங்கம்தான். ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஊருக்குக் குறியீடு கிடைத்த பிறகு, ஒவ்வொரு கைவினைஞரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். அதைச் சங்கம் ஒரே நாளில் முகாம் மாதிரி வைத்துச் செய்து கொடுக்கலாம். நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குக் குறியீடு இருக்கிறது. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி வேறெங்கோ வார்த்த விளக்கும் கடையில் விற்கிறது. பேரைக் காப்பாற்ற வழக்குப் போடுவதற்கும் சங்கம்தான் வேண்டும்.

வீட்டில் இருந்தே வேலை செய்யும் பெண்கள் தனியாக உறுப்பினராக முடியுமா? கணவர் ஏற்கெனவே உறுப்பினர்.

தொழில் செய்கிறவர் யாரோ அவர் உறுப்பினராக வேண்டும். எங்கள் பட்டறையில் மண் சலித்துப் பதப்படுத்துவதும், மெருகு போடுவதும் பெரும்பாலும் பெண்கள். நெசவில் நூல் சுற்றாமல் தறி ஓடுமா? ஆனால் பாஸ் புத்தகத்தில் இருப்பது கணவர் பேர். கூலி அவர் கையில். இதை மாற்றாமல் சங்கம் என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. மெருகுக்கும் நூல் சுற்றலுக்கும் தனிக் கூலி விகிதம் வையுங்கள், அந்த வேலை செய்கிறவர்களை அவர்கள் பேரிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் கணக்கிலேயே போடுங்கள். பெண்கள் மட்டும் உறுப்பினராக உள்ள தொழிற் கூட்டுறவுகளும் தமிழ்நாட்டில் இருக்கின்றன, தீப்பெட்டியிலும் தையலிலும்.

லாபம் வந்தால்?

ஒரு பகுதி காப்பு நிதிக்கு, ஒரு பகுதி கூட்டுறவு வளர்ச்சிக்கும் கல்விக்கும் என்று சட்டம் ஒதுக்கச் சொல்கிறது. மீதியில் பங்கு ஈவுக்கு, அதாவது போட்ட பங்குத்தொகைக்குத் தரும் லாபத்துக்கு, உச்சவரம்பு உண்டு. அதனால் பணத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவருக்கு இங்கே பெரிய ஆதாயம் இல்லை. வேலை செய்த அளவுக்கு, சரக்கு கொடுத்த அளவுக்குப் போனஸ் தரலாம். அதுதான் நியாயம்.

தலைவரோ செயலாளரோ பணத்தைக் கையாடினால் என்ன செய்வது?

உறுப்பினர்கள் எழுத்தில் புகார் கொடுத்தால் பதிவாளர் 81ஆம் பிரிவில் விசாரணைக்கு உத்தரவிடலாம். சங்கத்துக்காரர்கள் ‘81 போட்டிருக்கிறார்கள்’ என்று சொல்வது இதைத்தான். நட்டம் நிரூபணமானால் முன்பு சொன்ன 87. உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் இடையிலான தகராறு என்றால் 90ஆம் பிரிவில் பதிவாளரிடம் வழக்கு. சாதாரண நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. இவை நடக்கும், ஆனால் வருடக்கணக்கில் நடக்கும்.

அதற்குள் சங்கம் செத்துவிடும் என்பதால் முன்னாலேயே தடுப்பதுதான் வழி. காசோலையில் இரண்டு கையெழுத்து. மாதம் முடிந்த முதல் ஞாயிறு வரவு செலவு ஒரு பக்கத்தில் எழுதி அலுவலக வாசலில் ஒட்டுவது. கிடங்கில் இருப்பு எடுக்கும்போது குழுவில் இல்லாத உறுப்பினர்கள் இரண்டு பேர் கூட நிற்பது. இதைக் கேட்டால் ‘என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்று கோபப்படும் தலைவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அரசு சங்கத்தை எடுத்துக்கொள்ளும் என்கிறார்களே?

குழுவைக் கலைக்கவும், தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலரை வைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. தனி அலுவலர் கையில் ஆண்டுக்கணக்கில் இருந்த சங்கங்கள் பல. நல்ல அலுவலர் வந்து தூக்கி நிறுத்தியதும் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் உறுப்பினர்கள் ‘அது சர்க்கார் சங்கம்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள், அந்த இழப்பு பெரிது. குழுவின் ஐந்து வருடம் முடிவதற்கு முன்பே தேர்தலுக்கு எழுதிக் கேளுங்கள். தணிக்கையை நிலுவையில் விடாதீர்கள். அரசின் பங்கு மூலதனத்தை வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் தேதியையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

எனக்குப் பிடிக்கவில்லை என்றால் விலகலாமா?

எழுத்தில் கொடுத்து விலகலாம். சங்கத்துக்குப் பாக்கி இருக்கக் கூடாது. பங்குத்தொகை திரும்பக் கிடைக்கத் துணைவிதியில் சொன்ன காலம் ஆகும்.

பதிவுக்கு முன்னால் நாங்கள் செய்து பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரே ஒரு முறை கச்சாப்பொருளை ஒன்றாக வாங்குங்கள். யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று நோட்டில் எழுதி, பணத்தை முன்கூட்டியே வசூலித்து, இரண்டு பேர் போய் வாங்கி வரட்டும். கூட்டம் தலைவராக ஆசைப்படுபவரின் வீட்டில் வேண்டாம். கோயில் மண்டபம், நூலகம், பள்ளிக்கூடத் திண்ணை, பெண்கள் வரக்கூடிய நேரத்தில். சரக்கை எல்லோர் முன்னாலும் எடை போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். வண்டி வாடகை, இறக்குக்கூலி, குறைந்த எடை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவாருங்கள். மூன்று மாதம், மூன்று முறை. யார் சொன்ன நேரத்தில் பணம் கொடுக்கிறார், யார் கணக்கைச் சரியாக எழுதுகிறார், யார் மற்றவர் பங்கைத் தன் வீட்டில் வைத்துப் பத்திரமாகக் கொடுக்கிறார் என்று தானாகவே தெரிந்துவிடும். செயலாளராக யாரைப் போடுவது என்ற கேள்விக்கும் விடை அதற்குள் இருக்கும். ஒவ்வொரு முறையும் ரசீதைக் கூட்டத்தில் வாசியுங்கள். வர முடியாதவர்கள் வீட்டுக்கு மறுநாள் காலையில் அதன் நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.